மீளப்பாடுதலும் உடைமையும்: பொப் டிலனின் முதலாவது இசைத்தட்டு பற்றிய ஒரு நோக்கு

1

மேலைத்தேயப் பாடல் வரலாற்றை எழுதியோருள் பெரும்பாலானோர் ஆக்கியோனின் தனித்துவத்தையே தமது அளவுகோலாகக் கொண்டுள்ளனர். ஒரு பாடகர் சொந்தப் பாடல்களை இயற்றிப் பாடத் தொடங்கும்போதே அவரது வரலாறும் தொடங்குகின்றது என்பது இவர்களது எழுதப்படாத விதி. அதற்கு முன்னர் அவர் பிறர் பாடல்களைப் பாடித் திரிந்த காலம், பயிற்சிக் காலம் என ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகின்றது.

ஐக்கிய அமெரிக்காவின் பாடகரான பொப் டிலனின் முதலாவது இசைத்தட்டு இவ்வாறு கடந்து செல்லப்பட்ட ஒன்றாகும். 1961 நவம்பர் 20ஆம், 22ஆம் திகதிகளில் நியூயோர்க்கில் பதிவு செய்யப்பெற்று, 1962 மார்ச் 19ஆம் திகதி கொலம்பியா நிறுவனத்தால் வெளியிடப்பெற்ற அவ்விசைத்தட்டில் 13 பாடல்கள் உள்ளன. இவற்றுள் இரண்டு மட்டுமே டிலன் இயற்றியவை. ஏனைய பதினொன்றும் பிறருடையவை, அல்லது இன்னாருடையவை என்று கூறமுடியாதவை. முதலாண்டில் ஏறத்தாழ 5000 பிரதிகளே விற்பனையாகின. அவரை ஒப்பந்தம் செய்த தயாரிப்பாளர் ஜோன் ஹமண்ட் செய்த மடமை என நிறுவனத்தினுள்ளேயே இது கேலி செய்யப்பட்டது. அடுத்த இசைத்தட்டின் புகழொளியில் இம்முதற்தட்டு மங்கிப்போயிற்று.

ஒருவர் பாடிப் பதிவாக்கிய பாடலை வேறொருவர் பாடிப் பதிவு செய்தலை இசை வணிகத்தார் 'கவர்' என்பர். நாம் அதனை மீள்பாடல் என வழங்குவோம். மீள்பாடல் என்ற கருத்தே ஒரு குறிப்பிட்ட உடைமை உறவின் விளைவு என்பதும், மக்களின் பொதுச்சொத்தாயிருந்த பாடல் தனியுடைமையாக மாறிய சந்தியில் இவ்விசைத்தட்டு நிற்கின்றது என்பதும் இக்கட்டுரையிற் காட்ட முற்படும் கருத்துக்களாகும்.

2

வாய்மொழி மரபில் மீள்பாடல் என்று ஒன்று இல்லை. அல்பேட் லோட் 1960இல் வெளியிட்ட 'கதைப் பாடகன்' என்ற ஆய்வு, யூகோசிலாவிய வீரகாவியப் பாடகரைக் கொண்டு இதனைத் தெளிவாக்கிற்று. வாய்மொழிப் பாடகனுக்கு மூலபாடம் என ஒன்றில்லை. ஒவ்வொரு முறை பாடும்போதும் அவன் பாடலை ஆக்குகின்றான். பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆய்வில் இம்முறையியலைச் சங்கச் செய்யுட்களுக்குப் பிரயோகித்தமையால், இது நமது வாசகருக்குப் புதிய செய்தியன்று. பாடல் வழிவழி வருவது. பாடுவோன் அதன் காவலனும் ஆக்குவோனும் ஒருங்கே ஆவான்.

மீள்பாடல் என்று ஒன்று இருப்பதற்கு முதலில் மூலம் என்று ஒன்று இருத்தல் வேண்டும். அம்மூலத்திற்கு உரிமையாளன் ஒருவன் இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் அமெரிக்காவில் ஏற்படுத்தியவை இசைத்தட்டும் பதிப்புரிமைச் சட்டமுமாகும். இசைத்தட்டு ஓடுகின்ற பாடலை ஓரிடத்தில் நிறுத்தி அதனைப் பண்டமாக்கிற்று. 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, உரிமையாளரின் இசைவுடன் ஒருமுறை பதிவாகிய பாடலை எவரும் மீளப் பதிவு செய்யலாம், ஆயின் ஒவ்வொரு பிரதிக்கும் அவருக்கு இரண்டு சதம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அடிப்படையில் மீள்பாடல் என்பது இந்த இரண்டு சதத்தின் மறுபெயரே.

உரிமையாளர் இல்லாத மரபுப் பாடல்களின் நிலை யாது? இங்குதான் நுட்பமான ஒரு வழி திறந்தது. மரபுப் பாடல் ஒன்றைச் சிறிது மாற்றி அமைத்து, 'மரபுப் பாடல், ஒழுங்கமைத்தவர் இன்னார்' எனப் பதிவு செய்வோர் அவ்வடிவத்திற்கான உரிமைத்தொகையைப் பெறலாயினர். ஊர்ப் பொதுநிலத்தை வேலியிட்டு உறுதி முடிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

3

டிலன் 1941 மே 24ஆம் திகதி மினசோட்டா மாநிலத்தில் பிறந்து, அங்குள்ள ஹிப்பிங் என்னும் இரும்புச் சுரங்க நகரில் வளர்ந்தவர். 1916இல் பெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்த சுரங்கப் பிரதேசம் அது. எனினும் அவரது குடும்பம் சுரங்கத் தொழிலாளர் குடும்பமன்று. கடை நடத்திய சிறு முதலாளித்துவ யூதக் குடும்பம். பல்கலைக்கழகப் படிப்பை இடைநிறுத்தி, 1961 ஜனவரியில் அவர் நியூயோர்க் வந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த கிறீன்விச் விலேஜ் பகுதியின் நாட்டார் இசை மறுமலர்ச்சிக்கு நீண்ட பின்னணி உண்டு. 1909 தொடக்கம் உலகத் தொழிலாளர் சங்கத்தினர் வெளியிட்ட சிறு செந்நிறப் பாடல் நூல், தேவாலய மெட்டுக்களிற் போராட்டச் சொற்களை ஏற்றிப் பாடும் வழக்கத்தைப் பரப்பிற்று. 1915இல் யூற்றாவிற் சுட்டுக்கொல்லப்பட்ட ஜோ ஹில் அவ்வழக்கத்தின் தலைசிறந்த பிரதிநிதி. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தின்போது வூடி கத்றி அதனைத் தொடர்ந்தார். அவரது பாடல்கள் பலவற்றின் மெட்டுக்கள் பழையவை. அதனை எவரும் குறையாகக் கருதவில்லை. மெட்டு மக்களிடம் ஏற்கெனவே இருந்தமையாலேயே புதிய சொற்கள் அவர்களை விரைந்து சென்றடைந்தன.

ஐம்பதுகளின் இடதுசாரி எதிர்ப்பு வேட்டை இவ்வமைப்பைச் சிதைத்தது. 1955இல் விசாரணைக் குழுவின் முன் பதிலளிக்க மறுத்த பீற் சீகருக்கு 1961இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, 1962 மே மாதத்தில் அது தள்ளுபடி செய்யப்பட்டது. பாடல் தொழிற்சங்க மண்டபத்திலிருந்து பிரிக்கப்பட்டுக் கோப்பிக் கடைக்கும் பல்கலைக்கழக விடுதிக்கும் இடம்பெயர்ந்தது. 1952இல் ஹரி ஸ்மித் தொகுத்து ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்ட 84 பழைய பதிவுகள் நகர்ப்புற இளைஞருக்கு வேதநூலாகின. கிராமத்தவர் வாயாற் கற்றதை இவர்கள் இசைத்தட்டாற் கற்றனர். ஆகவே மரபுப் பாடல்களையே பாடுதல் அக்காலத்தில் கற்பனை வறுமையன்று; அது அச்சூழலின் நியதி. 1960இல் வெளிவந்த ஜோன் பயஸின் முதலாவது இசைத்தட்டும் ஏறத்தாழ முற்றாக மரபுப் பாடல்களைக் கொண்டதே.

டிலனை ஒப்பந்தம் செய்த ஜோன் ஹமண்ட் இம்முரண்பாடுகளின் உருவமாய் விளங்கினார். தாய்வழியிற் கோடீசுவர வண்டர்பில்ட் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1938 டிசெம்பரில் கறுப்பின மக்களின் இசையை நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் மேடையேற்றியபோது அதற்குப் பணவுதவி புரிந்தது 'நியூ மாஸஸ்' என்னும் இடதுசாரி ஏடாகும். அதே மனிதரே 1961இற் கொலம்பியா என்ற பெருநிறுவனத்திற்காகச் சீகரையும் டிலனையும் ஒப்பந்தம் செய்தார். மக்கள் கலைமீது கொண்ட உண்மையான பற்றும் முதலாளித்துவ நிறுவனத்தின் தேவையும் ஒரே கையெழுத்திற் சந்தித்தன.

4

இருபது வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் பாடிய இவ்விசைத்தட்டு மரணத்தையும் துயரத்தையும் பெரிதும் பேசுகின்றது. கிட்டாரும் வாய் ஆர்மோனியமும் தவிர வேறு துணை இல்லை. குரல் வேண்டுமென்றே முதுமையையும் கரகரப்பையும் வரித்துக் கொள்கின்றது. இம்முதுமை எங்கிருந்து பெறப்பட்டது என்பதே கேள்வி.

இறுதிப் பாடல், தன் புதைகுழியைச் சுத்தமாகப் பேணுமாறு வேண்டும் ஒருவனின் கூற்று. ரெக்சாஸைச் சேர்ந்த பார்வையற்ற கறுப்பினப் பாடகர் பிளைண்ட் லெமன் ஜெபர்சன் இதனைப் பரமவுண்ட் நிறுவனத்திற்காக 1927இலும் 1928இலும் பதிவு செய்தார். பரமவுண்ட் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளை நிறுவனமாகும். இசைப்பெட்டிகளுக்கான மரப்பேழைகளைச் செய்து விற்ற அத்தொழிற்சாலை, அப்பேழைகளின் விற்பனையைப் பெருக்கவே இசைத்தட்டுத் தயாரிப்பில் இறங்கிற்று. நாற்காலி முதலாளிக்குப் பாடகனின் மரணவேதனை ஒரு துணைப்பண்டம். 1929 டிசெம்பரில் இறந்த ஜெபர்சனின் புதைகுழி 1967 வரை பெயர்ப்பலகை எதுவுமின்றியே கிடந்தது. அவர் பாடிய வேண்டுகோளை நியூயோர்க் நிறுவனமொன்று இளைஞர் ஒருவரின் குரலில் விற்பனைக்கு விட்டபோதும் அதுவே நிலை.

சாவை எதிர்நோக்கும் மற்றொரு புளூஸ் பாடல் புக்கா வைற் 1940இல் சிக்காகோவிற் பதிவு செய்தது. அதற்குச் சற்று முன்னர் அவர் மிசிசிப்பியின் பாச்மன் சிறைப்பண்ணையிற் கைதியாக இருந்தார். கைதிகளின் உழைப்பாற் பருத்தி விளைவித்த அப்பண்ணை அடிமைமுறையின் எச்சமே. டிலன் இப்பாடலைப் பதிவு செய்தபோது வைற் உயிருடன் இருந்தார். இசையுலகமோ அவரை மறந்திருந்தது. 1963இலேயே இளம் ஆர்வலர் இருவர் அவரைத் தேடிக் கண்டனர். இங்கு மீள்பாடல்கள் ஏற்படுத்திய நன்மையையும் மறுத்தல் தகாது. இத்தகைய பதிவுகள் எழுப்பிய ஆர்வமே மறக்கப்பட்ட பலரைத் தேடத் தூண்டிற்று.

'தீராத் துயருடையவன்' என்ற பொருளில் அமைந்த பாடலின் கதை வேறு. கென்ரக்கியைச் சேர்ந்த பார்வையிழந்த இசைஞர் டிக் பேர்னெற் 1913ஆம் ஆண்டளவில் அதனைத் தமது சிறு பாடல் நூலில் அச்சிட்டார். முதுமையில் அவரிடம், அதை இயற்றியவர் தாங்களா என வினவியபோது, எவரிடமிருந்தோ பெற்றிருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை என்ற கருத்துப்பட அவர் விடையளித்தார். முதலாளித்துவச் சட்டம் விளங்கிக்கொள்ள முடியாத விடை இது. வாய்மொழி மரபின் நோக்கில் இதைவிட நேர்மையான விடை பிறிதில்லை.

'பிறிற்றி பெகி ஓ' ஸ்கொத்லாந்திலிருந்து குடியேறியோருடன் அமெரிக்கா வந்த படைவீரர் கதைப்பாடல். டிலன் அதனை ரெக்சாஸின் மாட்டிடையர் வீரவிளையாட்டுக் களத்திற்குக் கொண்டுசென்று, பாடலில் வரும் இடப்பெயரைத் தாம் எங்கும் கண்டதில்லை எனக் கேலியும் செய்கின்றார். இது பிரதிபண்ணுதல் அன்று. ஊரூராய்ப் பாடல் மாறும் பழைய முறையின் தொடர்ச்சி. பிறிதொரு பாடலுக்கு முன்னர், அதனைத் தாம் எரிக் வொன் ஸ்மிற் என்பவரிடம் கேட்டறிந்ததாக அவர் வாயாற் கூறிவிட்டே பாடுகின்றார். வாய்மொழி மரபு இவ்வாறே கடனை ஒப்புக்கொள்ளும். அங்கு நன்றியறிதல் கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை.

5

இந்நிலைமாற்றத்தை 'ஹவுஸ் ஒஃப் த றைசிங் சன்' என்ற பாடலின் வரலாறு போல் வேறெதுவும் விளக்காது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் வாழ்வைத் தொலைத்த ஒருத்தியின் கூற்றாக அமைந்த இதனை, 1937இல் அலன் லோமாக்ஸ் கென்ரக்கியின் மிடில்ஸ்பரோ நகரில் ஜோர்ஜியா ரேணர் என்ற 16 வயதுப் பெண்ணிடமிருந்து ஒலிப்பதிவு செய்தார். அவள் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். அவளுக்கு முன்னரும் பலர் அதனைப் பாடியிருந்தனர். லோமாக்ஸின் தொகுப்பு வழியாக அது நகரத்தை அடைந்தது.

கிறீன்விச் விலேஜின் மூத்த பாடகரும் சோசலிசவாதியுமான டேவ் வான் றொங்க், கீழிறங்கிச் செல்லும் சுரவரிசை ஒன்றை அமைத்து இப்பாடலுக்குப் புதிய உருவம் கொடுத்தார். டிலன் அவ்வுருவத்தைத் தமது இசைத்தட்டிற் பாடிவிட்டார். பாடிய பின்னரே அனுமதி கேட்டார். வான் றொங்கும் அதனைப் பதிவு செய்ய எண்ணியிருந்தார். பின்னர் டிலனைப் பார்த்துப் பாடுகின்றார் எனக் கேட்போர் கூறியமையால் அவர் அதைப் பாடுவதையே நிறுத்த நேர்ந்தது. 1964இல் 'அனிமல்ஸ்' என்ற ஆங்கிலேயக் குழு மின் இசைக்கருவிகளுடன் இதனை வெளியிட்டு, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. அப்போது அவர்களைப் பார்த்துப் பாடுகின்றார் என்ற பழி டிலன்மேல் விழ, அவரும் நிறுத்தினார். இதனை வான் றொங்க் நகைச்சுவையாகவே நினைவுகூர்ந்துள்ளார்.

நமக்கு இதில் நகைச்சுவையினும் மேலான ஒன்று புலப்படுகின்றது. ஒழுங்கமைத்தவர் என்ற வகையில் உரிமைத்தொகை பெற்றவர் அனிமல்ஸ் குழுவின் ஓர் உறுப்பினரான அலன் பிறைஸ் மட்டுமே. குழுவின் ஏனையோருக்குக்கூட அதில் பங்கில்லை. சுரங்கத் தொழிலாளியின் மகளிலிருந்து விற்பனைப் பட்டியலின் முதலிடம்வரை, ஒவ்வொரு படியிலும் உழைத்தோர் பலர், உடைமையாளர் ஒருவர். இது கூட்டு உற்பத்திக்கும் தனியார் அபகரிப்புக்கும் இடையிலான முரண்பாடே. தொழிற்சாலையிற் காணும் அதே உறவைப் பாடலிலும் காண்கின்றோம்.

6

ஆயின் மீளப்பாடுதல் எப்போதும் அபகரிப்பில் முடிவதில்லை. இவ்விசைத்தட்டிலுள்ள 'கொஸ்பல் பிளவ்' என்ற பாடல் இதற்குச் சான்று. ஏரிற் கைவைத்தவன் பின்னோக்கலாகாது என்ற விவிலியக் கருத்தினடியாகத் தோன்றிய இவ்வான்மிகப் பாடலைக் கறுப்பின உழவர் நெடுங்காலம் பாடி வந்தனர். ஐம்பதுகளில் தென் கரோலினாவின் ஜோன்ஸ் தீவைச் சேர்ந்த அலிஸ் வைன் என்ற பெண்மணி ஏரின்மீது கைவைக்கச் சொன்ன இடத்தில், அடையவேண்டிய குறிக்கோளின்மீது கண்வைக்கச் சொன்னார். கை கண்ணாகவும், ஏர் இலக்காகவும் மாறின. இவ்வடிவம் குடியுரிமை இயக்கத்தின் பாடல்களுள் ஒன்றாயிற்று.

ஜோர்ஜியா மாநிலத்தின் அல்பனி நகரில் நிறப்பாகுபாட்டிற்கெதிரான இயக்கம் அமைக்கப்பெற்றது 1961 நவம்பர் 17ஆம் திகதி. மூன்று நாள் கழித்தே டிலன் ஒலிப்பதிவுக் கூடத்தினுள் நுழைந்தார். அல்பனி இயக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் சிறை புகுந்தனர். ஊர்வலத்திலும் தேவாலயத்திலும் சிறைக்கூடத்திலும் அவர்கள் பாடினர். அங்கிருந்தே 1962இல் 'விடுதலைப் பாடகர்' குழு தோன்றியது. அங்கும் நிகழ்ந்தது மீளப்பாடுதலே. பழைய மெட்டில், பழைய சொற்களுள் ஓரிரண்டை மாற்றி, அன்றைய தேவைக்கேற்பப் பாடினர். ஆனால் அங்கு பாடல் விற்கப்படவில்லை, பயன்படுத்தப்பட்டது. கூடத்தில் டிலன் பாடிய வடிவமோ வேகமும் துடிப்பும் மிக்கதாயினும் பழைய ஏரையே பற்றிநின்றது. ஒரே வேரிலிருந்து ஒரே காலத்தில் எழுந்த இவ்விரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்து நோக்கும்போது, மீள்பாடலை மதிப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. பாடல் புதியதா பழையதா என்பது முதன்மையான கேள்வியன்று. அது எந்தச் சமூக உறவினுள் மீளப் பாடப்படுகின்றது என்பதே கேள்வி.

7

இசைத்தட்டிலுள்ள இரு சொந்தப் பாடல்களுள் ஒன்று வூடி கத்றிக்கான வணக்கப் பாடல். அதன் மெட்டு, கத்றியின் '1913 படுகொலை' என்ற பாடலின் மெட்டாகும். 1913ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்தின நாள் மிச்சிகனின் கலுமெற் நகரில், வேலைநிறுத்தம் செய்த செப்புச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக நடந்த விழாவில், எவரோ பொய்யாகத் தீ எனக் கூவ, நெரிசலில் 73 பேர் மாண்டனர், பெரும்பாலானோர் குழந்தைகள். கத்றி அக்கொடுமையைப் பாடிய மெட்டில், டிலன் கத்றியைப் பாடினார். வர்க்கப் போராட்டத்தின் துயர நினைவு தனிமனித வணக்கத்தின் கொள்கலமாயிற்று. ஆயினும் அம்மெட்டைத் தேர்ந்தமை ஒரு மரபை ஏற்றுக்கொண்டமையின் அறிகுறியுமாகும். இவ்விரு உண்மைகளையும் ஒருசேர மனங்கொள்ளல் வேண்டும்.

1963 மே மாதம் வெளிவந்த இரண்டாவது இசைத்தட்டிலும் 13 பாடல்களே. ஆனால் விகிதம் தலைகீழாயிற்று. பதினொன்று டிலனுடையவை, இரண்டு மட்டுமே பிறருடையவை. திடீரெனப் பிறந்த மேதைமை இதற்குக் காரணமென்பர். மேதைமையை நாம் மறுக்கவில்லை. எனினும் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 1962 ஜனவரியில் அவர் பாடல் வெளியீட்டு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அவ்வாண்டிலேயே அதிலும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு மாறினார். இயற்றுவோனுக்கே உரிமைத்தொகை கிட்டும் அமைப்பில், இயற்றும்படி பொருளாதாரமும் தூண்டிற்று. இரண்டாவது, 'சொந்தப்' பாடல்கள் பலவும் பழைய மண்ணிலேயே வேரூன்றியிருந்தன. 'புளோயிங் இன் த வின்ட்' பாடலின் மெட்டு, அடிமைச் சந்தை இனி வேண்டாமெனும் கறுப்பின மக்களின் பழம்பாடலைத் தழுவியது. போர் வணிகரைச் சாடும் பாடலின் மெட்டு, கென்ரக்கியின் றிச்சி குடும்பத்தினர் பேணிவந்த பழம்பாடலிலிருந்து வந்தது. முதலாவது இசைத்தட்டிற் பாடற் பெயரின் கீழ் வெளிப்படையாய்த் தெரிந்த கடன், இரண்டாவதில் மெட்டினுள் மறைந்துகொண்டது. விகிதத்தில் மாறியது படைப்பு முறை அன்று; பெரும்பாலும் உரிமை கோரும் முறையே.

இக்கடனை அவர் மக்களுக்கு ஒருவகையில் மீளச் செலுத்தவும் செய்தார். 1963 ஜூலையில் மிசிசிப்பியின் கிறீன்வுட்டிலும், ஓகஸ்ட் 28ஆம் திகதி வாஷிங்டன் பேரணியிலும் அவர் பாடினார். அச்சந்தர்ப்பங்களிற் பாடல் மீண்டும் பண்டநிலையைச் சற்றே கடந்து, பயன்நிலையை எய்திற்று.

8

முற்போக்கு விமர்சகரும் இவ்விடயத்தை முழுமையாக அணுகினர் எனக் கூறவியலாது. 1964இல் 'சிங் அவுட்' சஞ்சிகையில் அதன் ஆசிரியர் இர்வின் சில்பர், டிலன் போராட்டப் பாடல்களைக் கைவிட்டுத் தன்னுள் ஒடுங்குகின்றார் எனத் திறந்த மடல் வரைந்தார். அக்கவலை நியாயமானது. ஆனால் அது பாடலின் பொருளை மட்டுமே நோக்கிற்று; பாடலின் உற்பத்தி உறவை நோக்கவில்லை. மரபு தனியுடைமையாகிய பின்னர் போராட்டச் சொற்களும் பண்டமாகவே விற்கப்படும். முதலாளித்துவ விமர்சகர் தனித்துவத்தை வழிபட்டனர். நம்மவருட் பலர் கருப்பொருளை மட்டும் எண்ணினர். இருசாராரும் பாடல் யாருடையது என்ற வினாவைத் தவறவிட்டனர்.

வரலாறு அவ்வினாவை விடவில்லை. 2012இல், அதாவது முதற்தட்டு வெளிவந்து ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, டிலனின் வெளியிடப்படாத 1962ஆம் ஆண்டுப் பதிவுகளை உரிமையாளரான சோனி நிறுவனம் ஐரோப்பாவில் ஏறத்தாழ நூறு பிரதிகள் மட்டும் வெளியிட்டது. அவை கேட்கப்படுவதற்காக அன்று, அங்குள்ள பதிப்புரிமை காலாவதியாகாதிருப்பதற்காகவே வெளியிடப்பட்டன. 2020 டிசெம்பரில், 600க்கும் அதிகமான தமது பாடல்களின் வெளியீட்டுரிமையை டிலன் யூனிவேர்சல் நிறுவனத்திற்கு விற்றார். அமெரிக்கப் பாடல் மரபினுள் நின்று படைத்தமைக்காக 2016இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். பரிசுரை மரபைக் குறிப்பிட்டது. விற்பனை உறுதியில் மரபுக்குப் பங்கு இல்லை.

ஆகவே 1962ஆம் ஆண்டின் அச்சிறு இசைத்தட்டைப் பயிற்சி ஏடெனத் தள்ளுதல் தவறாகும். தான் பாடுவது தனக்கு உரியதன்று என்பதை ஒளிக்காது நின்ற இறுதிப் பொழுதுகளுள் அது ஒன்று. அதில் ஒலிக்கும் சாவும் சிறையும் சுரங்கமும் பருத்திக் காடும் ஓர் இளைஞரின் அனுபவம் அல்ல; பெயரறியாத உழைக்கும் மக்களின் நூற்றாண்டு அனுபவம். அவர்களின் பாடலை மீளப் பாடுவோரிடம் நாம் எதிர்பார்க்கவேண்டியது தனித்துவமன்று. அலிஸ் வைன் செய்ததுபோலப் பாடலை அதன் சொந்தக்காரரிடம் புதிய வலிமையுடன் ஒப்படைத்தலே அவர்தம் கடமையாகும். அக்கடமை நிறைவேறும் இடத்தில் மூலம், மீள்பாடல் என்ற பாகுபாடு தானே பொருளிழந்துவிடும்.